எவருமில்லை என்னும் வேட்பாளர்

அரசின் பிடி தளர்ந்தால் மனிதன் நிமிர்வான், அதிகாரம் சுருங்கினால் அறிவு விரியும் என்று முழங்கிக்கொண்டு ஒரு கட்சி பிறந்தது, அமெரிக்காவிலே. பிறந்த கட்சிக்குத் தலைவர் வேண்டுமே! செயலாளர் வேண்டுமே! பணப்பெட்டியின் சாவியை வைத்திருக்கப் பொருளாளர் வேண்டுமே! அதிகாரத்தை ஐயுறுவதையே கொள்கையாகக் கொண்டோர், தம்மில் சிலர் கரத்திலே அதிகாரத்தை ஒப்படைத்தாக வேண்டிய நிலை. ஒப்படைத்தனர். அதன்பின் நிகழ்ந்தது என்ன? அமைப்பு நடத்தும் இளைஞர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய கதை அது.

லிபர்டேரியன் கட்சி என்பது அதன் பெயர். 1971 ஆகஸ்டில் அதிபர் நிக்சன், கூலிக்கும் விலைக்கும் கட்டு விதித்தார். டாலருக்குத் தங்கம் தரும் ஏற்பாட்டையும் நிறுத்தினார். தனிமனிதனின் சந்தையிலே அரசு கை வைப்பதா எனக் கொதித்தனர் சிலர். கொலராடோ மாநிலத்து வெஸ்ட்மின்ஸ்டரில் டேவிட் நோலன் என்பாரின் இல்லத்திலே நடந்த பேச்சுகளில் கருக்கொண்ட கட்சி, அவ்வாண்டு டிசம்பர் 11-ஆம் நாள் முறைப்படி உருவாயிற்று. 1972-இல் ஜான் ஹாஸ்பர்ஸ் எனும் தத்துவப் பேராசிரியரை அதிபர் தேர்தலில் நிறுத்தினர். விழுந்த வாக்குகள் 4,000-ஐயும் எட்டவில்லை. ஆனால் வர்ஜீனியாவின் தேர்வாளர் ஒருவர் தம் கட்சியை மீறி வாக்களித்ததால், துணை அதிபர் வேட்பாளரான டோனி நாதன், தேர்வாளர் வாக்குப் பெற்ற முதற் பெண்மணி என்று அமெரிக்க வரலாற்றில் இடம்பெற்றார். அவர்தம் பொருளாதாரக் கோட்பாடு சரியா, தவறா என்பது வேறு வழக்கு; இங்கே நாம் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

பிறந்த மூன்றாம் ஆண்டிலேயே பிளவு வாயிலில் வந்து நின்றது. காவலும் நீதிமன்றமும் மட்டும் கொண்ட சிற்றரசு போதும் என்றது ஒரு சாரார். சிற்றரசும் வேண்டாம், அரசே வேண்டாம் என்றது மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரே கொடியின் கீழ் எங்ஙனம் நிற்பது? 1974-இல் டல்லாஸ் நகரில் ஓர் உடன்பாடு கண்டனர். அரசு இருக்க வேண்டுமா, ஒழிய வேண்டுமா என்ற வினாவுக்குக் கட்சியின் அறிக்கை விடை கூறாது; வாய்மூடி நிற்கும். இதனைக் கோழைத்தனம் என்று எள்ளியவர் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. நூறு காதம் நடக்க வேண்டிய பயணத்தில், தொண்ணூறாவது காதத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று முதற் காதத்திலேயே மண்டையை உடைத்துக்கொள்வதில் என்ன பகுத்தறிவு இருக்கிறது?

கொள்கைக்கும் வேலி கட்டினர். கட்சியின் அடிப்படைக் கோட்பாட்டு அறிக்கையை மாற்ற வேண்டுமாயின், மாநாட்டுக்குப் பதிவு செய்த பிரதிநிதிகளில் எட்டில் ஏழு பங்கினர் இசைய வேண்டும். ஓராண்டு பெரும்பான்மை பெற்றுவிட்ட கோஷ்டி, அந்த மகிழ்ச்சியிலே அடிவாரத்தையே பெயர்த்தெடுத்துவிட இயலாது.

அவர்கள் செய்த ஏற்பாடுகளிலே நம்மை மிகவும் கவர்ந்தது, பொறுப்பாளர் தேர்தலில் உள்ள ஒரு வேட்பாளர். அவருக்குப் பெயரில்லை, முகமில்லை. 'மேற்கண்டோரில் எவருமில்லை' என்பதே அவர். நம் நாட்டு வாக்குப் பொறியிலே 2013 முதல் இருக்கும் நோட்டாவைப் போன்றவர்தான், ஆனால் பல்லுள்ளவர். நம் நோட்டாவுக்கு எத்துணை வாக்கு விழுந்தாலும், வேட்பாளரில் முதலிடம் பெற்றவர் சட்டமன்றம் சென்றுவிடுவார். அவர்கள் கட்சியிலோ, எவருமில்லை என்பது பெரும்பான்மை பெற்றால் அந்தப் பதவி காலி. அதோடு, தோற்ற வேட்பாளர் எவரையும் அந்தப் பதவிக்காலத்துக்கு அவ்விடத்தில் அமர்த்தவும் கூடாது. இந்தப் பின்பகுதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. தேர்தலில் தோற்றவரைச் செயற்குழுவின் கொல்லைப்புற வழியே கொண்டுவந்து நாற்காலியில் ஏற்றும் வித்தையை அறியாத இயக்கம் உலகில் உண்டோ? அந்தக் கதவை அடைத்துவிட்டனர். வேட்பாளர் தேர்விலும் இம்முறை உண்டு: 2024-இல் அதிபர் வேட்பாளராகத் தேர்வான சேஸ் ஆலிவர், ஏழாம் சுற்றிலே எவருமில்லை என்பவரோடுதான் மோத வேண்டியிருந்தது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட பிரதிநிதிகள், ஆளில்லாத அந்த இடத்தையே விரும்பினர்!

இத்தனை வேலி இருந்தும் பூசல் நின்றதா? நிற்கவில்லை. 1980-இல் எட் கிளார்க் 9,21,128 வாக்குகள் பெற்றார். துணை வேட்பாளராக நின்ற செல்வர் டேவிட் கோக்கின் பணமும் அதற்குத் துணை. 1983 நியூயார்க் மாநாட்டிலே, முன்னாள் தலைவர் எட் கிரேன் அணியினர் நிறுத்திய ஏர்ல் ரேவனல், டேவிட் பெர்க்லண்டிடம் தோற்றார். தோற்ற அணி வெளியேறிற்று. பணம் படைத்தோரும் உடன் சென்றனர். மறு ஆண்டு கட்சி பெற்றது 2,28,111 வாக்குகள். நான்காண்டுகளில் நான்கிலொரு பங்காயிற்று செல்வாக்கு. ரீகன் அலையும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை; வீடு இரண்டுபட்டதும் காரணமே.

தேசிய மாநாட்டின் ஆரவாரம் இருக்கட்டும். பூசலின் விதை முளைப்பது ஊர்க்கிளையிலே. கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழர்களே: கூட்டத்துக்கு இருபது பேர் வரும் கிளையிலே, புதிதாக இருபத்தொருவர் உறுப்பினராகி ஒரே நாளில் வந்து அமர்ந்தால், கிளை அவர்களுடையது. அவர்கள் விதியை மீறவில்லை. விதியில் இருந்த ஓட்டையிலே நுழைந்தனர். ஆகவேதான் சேர்ந்து இத்தனை நாள் ஆனவருக்கே வாக்கு, கூட்ட அறிவிப்பு இத்தனை நாள் முன்னதாக வேண்டும் என்றெல்லாம் விதி எழுதுவது. வறட்டுச் சடங்கு என்று இளைஞர் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. லிபர்டேரியன் கட்சியினர் கையாளும் கூட்ட நடைமுறை நூலை எழுதிய ஹென்றி ராபர்ட், ஒரு படைப் பொறியாளர். 1863-இல் ஒரு மாதாகோயிலில் நடந்த கூட்டத்துக்குத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். கூட்டம் கூச்சலாய் முடிந்தது. பாலம் கட்டத் தெரிந்தவருக்குக் கூட்டம் நடத்தத் தெரியவில்லை! அந்த வெட்கமே அவரை ஆராயத் தூண்டிற்று. 1876-இல் நூல் வந்தது. ஆண்டவன் சந்நிதியிலும் அமைதி தானாக வரவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்வோமாக.

விதி கடுமையாக இருந்தாலும் ஆபத்துதான். ஆரிகனிலே கூட்டம் நடத்தப் போதிய உறுப்பினர் சேராமல் கோரம் தட்டிப்போயிற்று. 2011-இல் பொறுப்பில் இருந்தோர் தாமே புதிய சட்டதிட்டத்தை நிறைவேற்றிக்கொண்டனர். எதிரணி வேறு கூட்டம் கூட்டி வேறு பொறுப்பாளரைத் தேர்ந்தது. தேசியச் செயற்குழு ஒரு பக்கம் சாய்ந்தது. கட்சியின் நீதிக்குழு அதைத் தள்ளிற்று. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. வருவோர் எத்தனை பேர் என்று எண்ணாமல், வரவேண்டியோர் எத்தனை பேர் என்று கனவு கண்டு கோரம் வகுத்தால் இதுதான் கதி.

2021 ஜூனில் நியூ ஹாம்ப்ஷயரில் மாநிலத் தலைவர், தம் செயற்குழுவிலிருந்த எதிரணியின் பேச்சு கட்சிக்கே இழுக்கு என்று கூறி, கட்சியின் இணையதளத்தையும் கணக்குகளையும் கைப்பற்றிக்கொண்டு புது அமைப்பு கண்டார். பழிச்சொல்லிலே உண்மை இருந்திருக்கலாம். எனினும் சாவியை வைத்திருப்பவர் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்றால், தேர்தல் எதற்கு? தேசியத் தலைவர் இதற்கு இடங்கொடுத்தார் என எதிர்ப்பு எழ, அவரே பதவி துறந்தார். 2022 மே மாதம் ரீனோ மாநாட்டிலே மீசஸ் அணி எனப்பட்ட குழு தலைமையைக் கைப்பற்றிற்று. அவ்வாண்டிலேயே நியூ மெக்சிகோக் கிளை உறவை அறுத்தது. வர்ஜீனியாவின் மாநிலக் குழு தன்னைத்தானே கலைத்துக்கொள்ள வாக்களித்தது.

மிச்சிகனிலே இரு அணியினரும் தாமே உண்மையான பொறுப்பாளர் என்றனர். ஒரே பெயர், ஒரே சின்னம், இரண்டு தலைவர். தேசியக் குழு 2023-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் படியேறி, வணிகச் சின்னச் சட்டத்தைக் காட்டித் தடை கேட்டது. அரசின் தலையீடே கூடாது என்ற கட்சி, தன் பெயரைக் காத்துத் தருமாறு அரசின் நீதிபதியிடம் வேண்டிற்று! தடை கிடைத்தது. 2024-இல் மேல்முறையீட்டு மன்றமும் பெரும்பாலும் அதை உறுதி செய்தது.