ஆடுவோர்க்கு ஒரு வீடு

ஒப்பந்தச் சீட்டு என்பது யாதென்று தோட்டத்துத் தமிழருக்கு ஒருவரும் விளக்க வேண்டுவதில்லை. நம் முன்னோர் கைந்நாட்டு வைத்துக் கப்பலேறினர்; அவர்தம் வழியில் வந்த நாம் இன்று கிராணி மேசையில் அமர்ந்து, பிறர் பெயரைச் செக்ரோலில் எழுதிக் காலங் கழிக்கின்றோம். ஆதலின் பழைய ஒப்பந்தம் ஒன்றின் கதை கண்ணிற் பட்டால் அதைக் கடந்து செல்ல நம் மனம் இசைவதில்லை. இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள், தற்கால நடனக் கலைஞரை ஆதரிக்கும் ஐரோப்பிய நடனசாலைகள் நாட்டெல்லை கடந்து தம்முள் கூடி உழைப்பது. இதற்கும் ஒப்பந்தச் சீட்டுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். உறவு உண்டு, அது தொடங்குவதும் தமிழ் மண்ணிலேயேதான்.

1838-ஆம் ஆண்டு. கூலிகளை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட விட்பி, ஹெஸ்பரஸ் என்னும் இரு கப்பல்கள் அவ்வாண்டு மே மாதத்தில் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவை அடைந்தன. அதே ஆண்டில், கூடலூரை அடுத்த திருவந்திபுரத்துக் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகள் ஐவரும் மேளக்காரர் மூவரும் புதுச்சேரியிலிருந்து பிரான்சு தேசத்துக்குக் கப்பலேறினர். தார்திவேல் என்னும் பிரஞ்சுக்காரர் அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அழைத்துச் சென்றார். தில்லம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், வேதம் என்பன அவர்தம் பெயர்கள். மூத்தவளுக்கு வயது முப்பது அளவில்; இளையவளுக்கு ஆறு. ஆறு வயதுக் குழந்தை எந்த ஒப்பந்தத்தைப் படித்திருக்கும்? எந்தச் சீட்டில் கைந்நாட்டு வைத்திருக்கும்?

ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் பாரிஸ் நகரத்து வரியேத்தே என்னும் நாடக சாலையில் ஆடினர். அந்நகரத்தார்க்குத் தாசியாட்டம் என்ற சொல் புதிதன்று. 1830-லேயே ‘தேவனும் தாசியும்’ என்னும் கூத்து அங்கு அரங்கேறி, மாரி தாக்லியோனி என்னும் ஐரோப்பிய நடனமாது தாசி வேடம் பூண்டு பெரும்புகழ் பெற்றிருந்தாள். போலியை எட்டாண்டு கண்டு களித்தவர்கள் மெய்யைக் காண வந்தனர். தேயோஃபில் கோத்தியே என்னும் எழுத்தாளர் அம்மணியின் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்து எழுதினார். ஆனால் அவர் எழுத்தில் அவள் மேனியின் நிறத்துக்கும் மூக்கணிக்கும் கிடைத்த இடத்தைப் பாருங்கள்! பார் என்னும் சிற்பி அம்மணியைச் சிறு வெண்கலப் பாவையாக வார்த்தார். பாவை இன்றும் இருக்கிறது. அவள் நினைத்தது என்ன, சொன்னது என்ன என்பதற்கு அவள் கையால் எழுதிய ஒரு வரியும் இல்லை.

பாரிசிலிருந்து அக்டோபரில் இலண்டன். அங்கு அடெல்ஃபி நாடக சாலையின் தலைவர் யேட்ஸ் என்பவர் அவர்களை அமர்த்தினார். பின்னர் ஐரோப்பாவின் வேறு நகரங்கள். ஒரு கொட்டகை மற்றொரு கொட்டகையோடு பேசியது, ஒரு நாடு மற்றொரு நாட்டுக்குக் கலையை அனுப்பியது என்று சொன்னால் அதுவும் பொய்யாகாது. ஆயினும் அது ரப்பர்ப் பாளத்தை ஒரு கிட்டங்கியிலிருந்து மற்றொரு கிட்டங்கிக்கு மாற்றுவது போன்றதே. அனுப்பியவரும் பெற்றவரும் பேசிக்கொண்டனர். இடையிற் சென்ற பொருளைக் கேட்பார் இல்லை. கலைஞரை வரவழைக்கும் சாலைகள் இருந்தன. கலைஞர் இருந்து கற்கவும், பிழை செய்யவும், புதியது ஒன்றை ஆக்கவும் வீடு இல்லை. பார்ப்போரும் அவ்வாறே. வியப்பதற்கு அழைக்கப்பட்டார்களேயன்றி, அறிந்துகொள்ள அழைக்கப்படவில்லை.

நிற்க. நூற்றுப்பதினாறு ஆண்டு கழித்து, 1954-இல், அதே இலண்டன் மாநகருக்கு அமெரிக்க நடன மேதை மார்த்தா கிரகாம் தம் குழுவுடன் வந்தார். சாவில் என்னும் நாடக சாலையில் ஆட்டம். இருக்கைகள் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடந்தன. பாதத்தைத் தரையில் ஊன்றி, வயிற்றைச் சுருக்கி, மூச்சை அடக்கியும் விடுத்தும் ஆடும் அந்தப் புதுமுறை, முனைவிரலில் நின்று மிதக்கும் பாலே ஆட்டத்துக்கே பழகிய ஆங்கிலேயருக்கு விளங்கவில்லை. ஆயினும் அந்த ஆட்டத்தால் உள்ளம் தைக்கப்பட்டவர் ஒருவர் இருந்தார். ராபின் ஹாவர்டு என்பது அவர் பெயர். அவருக்குக் கால்கள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் இரு கால்களையும் இழந்தவர் அவர்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று வியக்கின்றோம். தாம் ஒருநாளும் ஆட முடியாத ஆட்டத்துக்காகத் தம் செல்வத்தைச் செலவிட்ட மனிதர் இவர். செல்வக் குடியிற் பிறந்தவர்தாம். பிரதம மந்திரி ஸ்டான்லி பால்டுவினின் பேரர். செல்வர் கலையை ஆதரிப்பது புதிதா? நம் நாட்டு ஜமீன்தார்களும் மிட்டாதார்களும் ஆதரிக்கவில்லையா? ஆதரித்தார்கள், எப்படி ஆதரித்தார்கள் என்பதை நாம் இங்கு எழுத வேண்டுவதில்லை. ஹாவர்டு செய்தது வேறு. 1963-இல் கிரகாம் குழு மீண்டும் எடின்பரோ விழாவுக்கும் இலண்டனுக்கும் வரத் துணை நின்றார். அத்தோடு நில்லாமல், ஆங்கில இளைஞர் சிலரை நியூயார்க்குக்கு அனுப்பி அக்கலையைக் கற்பித்தார். 1966-இல் இலண்டனில் ஒரு பள்ளி, 1967-இல் ஒரு நடனக் குழு, 1969-இல் பள்ளியும் குழுவும் அரங்கும் ஒரே கூரையின் கீழ் அமைந்த ‘தி பிளேஸ்’ என்னும் நடனசாலை. ‘இடம்’ என்பதே அப்பெயரின் பொருள். அதனினும் எளிய பெயர் உண்டோ? கிரகாம் குழுவைச் சேர்ந்த ராபர்ட் கோகன் அங்கு வந்து தங்கிக் குழுவை வளர்த்தார். வந்து ஆடிவிட்டுப் போகவில்லை. வந்து தங்கினார் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்க.

அந்த ‘இடம்’ முன்பு ஒரு தொண்டர் படையின் கவாத்துக் கூடம். போரிற் கால் இழந்தவர் கவாத்துக் கூடத்தை ஆட்டக் கூடமாக்கினார். பிற நாடுகளிலும் இத்தகைய மாற்றங்களைக் காண்கின்றோம். ஜெர்மனியின் டியூசல்டார்ப் நகரத்து நடனசாலை பழைய டிராம் வண்டிக் கொட்டடியில் இருக்கிறது. ஹாம்பர்க் நகரத்தில் பாரந்தூக்கிகள் செய்த தொழிற்சாலையில் இன்று நடனம் பயில்கின்றனர். பார்சிலோனாவில் பூச்சந்தையாய் இருந்த கட்டடம், ‘பூச்சந்தை’ என்னும் பெயரை விடாமலே நடன அரங்காயிற்று. ஸ்டாக்ஹோமின் நடன இல்லமோ, தொழிலாளர் இயக்கம் எழுப்பிய மக்கள் மாளிகையில் 1991-இல் குடிபுகுந்தது. அரண்மனையிற் பிறந்த கலைகள் உண்டு, கோயிலிற் பிறந்த கலைகள் உண்டு. தற்கால நடனம் மட்டும் உழைப்பாளர் விட்டுச் சென்ற கூரைகளைத் தேடிப் புகுந்தது. நம் தோட்டத்துப் பழைய புகைக்கூண்டு இன்று புல்முளைத்து நிற்பதைக் காணுந்தோறும் இந்நினைவு நமக்கு வருகிறது.

வீடு கிடைத்தது, அண்டை வீட்டாரோடு உறவு வேண்டாமா? ஒரு நகரில் ஓர் இளைஞர் ஆறு மாதம் உழைத்து ஒரு நடனத்தை ஆக்குகிறார். அவ்வூரில் இரண்டு மூன்று இரவு ஆடுகிறார். அத்துடன் அது மடிகிறது. பாட்டை எழுதி வைக்கலாம், கதையை அச்சிடலாம். நடனம் ஆடுகிறவரை மட்டுமே உயிரோடிருக்கும். ஆதலின் அதற்குப் பல ஊர் வேண்டும், பல அரங்கு வேண்டும். 1996-இல் தி பிளேஸ் அரங்கை நடத்திய ஜான் ஆஷ்போர்டு என்பவர் ‘ஏரோவேவ்ஸ்’ என்னும் கூட்டுறவைத் தொடங்கினார். பல நாட்டு அரங்கினர் அதில் சேர்ந்தனர். பெயர் பெறாத இளங்கலைஞர்கள் தாமே விண்ணப்பம் அனுப்புவர். அரங்கினர் கூடிப் பார்த்து, வாதாடி, ஆண்டுக்கு இருபது ஆக்கங்களைத் தேர்ந்தெடுப்பர். தேர்ந்தவற்றைத் தத்தம் ஊரில் ஆடச் செய்வர். 2011 முதல் அவற்றை ஒரே இடத்திற் காட்டும் விழா ஊர் மாறி ஊர் மாறி நடைபெற்று வருகிறது. சிபாரிசுக் கடிதமும் தரகரும் இன்றி, லிஸ்பனில் ஆடுபவர் ஹெல்சிங்கியில் அறியப்படலாம்.

இதனினும் ஆழமானது 2009-இல் சங்கமாக அமைந்த ஐரோப்பிய நடனசாலைகளின் கூட்டமைப்பு. அதைச் சேர்ந்த சாலைகள், பார்சிலோனாவின் பூச்சந்தை அரங்கைத் தலைமையாகக் கொண்டு, 2010 முதல் 2014 வரை ‘மாடுல் டான்ஸ்’ என்னும் திட்டத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியோடு நடத்தின. அதன் அமைப்பு நம்மைக் கவர்ந்தது. ஒரு நடனம் பிறப்பதை அவர்கள் நான்கு படியாகப் பிரித்தனர்: ஆராய்தல், தங்கிப் பயில்தல், ஆக்குதல், அரங்கேற்றல். ஒரே கலைஞர் ஒரு நாட்டில் ஆராய்ந்து, மற்றொரு நாட்டில் தங்கிப் பயின்று, வேறொரு நாட்டில் அரங்கேறலாம். முதற்படிக்கும் பொருள் உண்டு என்பதைக் கவனிக்க. அஃதாவது, இன்னும் ஆடாத ஆட்டத்துக்கு, சிந்திக்கும் நாளுக்கு, அவருக்கு உதவி. நாட்கூலியிற் பழகிய நமக்கு இது கனவு போல் இருக்கிறது. பால் எடுக்காத நாளுக்கு யார் பெயர் போடுவார்?

பார்ப்போரை வளர்த்த வரலாற்றையும் சொல்ல வேண்டும். வெற்றிருக்கைகளின் பாடத்தை இலண்டன் மறக்கவில்லை. 1976-இல் கோகனின் குழு யார்க்‌ஷயர் வட்டாரத்துக் கல்லூரிகளுக்குச் சென்று தங்கிற்று. பகலில் பாடம் நடத்தினர், பயிற்சியைத் திறந்து காட்டினர், மாணவரோடு பேசினர், அதன்பின் ஆடினர். உடல் எப்படி வருந்துகிறது, எப்படிப் பிழைக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று கண்டவருக்கு மாலையில் ஆட்டம் விளங்காமற் போகுமா? இன்று நடனசாலைகள் பல, ஆட்டம் முடிந்தபின் கலைஞரும் பார்த்தோரும் எதிரெதிரே அமர்ந்து உரையாட வழி செய்கின்றன. கோத்தியே அம்மணியின் எதிரே அமர்ந்து, அவளுக்குத் தெரிந்த மொழியில் கேட்டிருந்தால் நம் வரலாற்றில் ஒரு பக்கமாவது மாறியிருக்கும்.

பட்டணத்தில் ஆசிரியராய் இருக்கும் நண்பர் ஒருவர் நம்மை மடக்கினார். “வெள்ளைக்காரன் வரிப்பணத்தில் ஆடுகிறான், செம்பனை சுமக்கிறவனுக்கு அதனால் என்ன, ஐயா?” என்றார். பதில் சொல்ல நமக்குச் சற்று நாணமாகவே இருந்தது. காரணம் இது: நமது தோட்டத்து ஆண்டு விழாவுக்கு ஒரு நடனக் குழுவை வரவழைத்தோம். செலவுக் கணக்கை எழுதியவர் நாமே. பந்தல், ஒலிபெருக்கி, வண்டி வாடகை, சாப்பாடு என்று கட்டங்கள் இருந்தன. ஆடிய பெண்களுக்கென்று ஒரு கட்டம் இல்லை. மொத்தப் பணம் அழைத்து வந்தவர் கையிற் போயிற்று. அவர் எவ்வளவு கொடுத்தார் என்று நாம் கேட்கவில்லை. 1838-இன் கணக்கேடும் இப்படித்தான் இருந்திருக்கும். நண்பரிடம் இதைச் சொன்னோம். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஐரோப்பாவிலும் எல்லாம் நேராயிருக்கிறது என்று நாம் கூறவில்லை. அரசாங்கப் பொருளை நம்பி நிற்பது அரசாங்கத்தின் மனத்தை நம்பி நிற்பதே. பிரிட்டன் 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிற்று. 2021-இல் தொடங்கிய ஒன்றியத்தின் கலை உதவித் திட்டத்தில் அது சேரவில்லை. அக்கரையில் ஆடச் செல்லும் பிரிட்டிஷ் நடனக்காரர் நாட்டுக்கு நாடு வேறுபடும் அனுமதி விதிகளுக்கு உட்பட வேண்டியதாயிற்று. கூட்டுறவை முதலில் விதைத்த நகரமே வேலிக்கு வெளியே நின்றது! அன்றியும், கூடித் தேர்ந்தெடுக்கும் குழுவினர் ஒரே சுவையினராய் இருப்பின், இருபது ஆக்கமும் ஒரே அச்சில் வார்த்தவை போலாகும் என்ற குறையும் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் தரகர் ஒருவரின் சுவையினும் பலர் கூடிய சுவை மேல் என்பது நமது துணிபு. பலர் எதிரில் வாதாடித் தோற்றவன் அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

சென்னையிற் பிறந்து, இலங்கையிலும் மலேசியாவிலும் இளமையைக் கழித்து, 1981-இல் பிரிட்டன் சென்ற ஷோபனா ஜெயசிங் என்னும் தமிழ் மாது, 1980-களின் இறுதியில் இலண்டனில் தமக்கென ஒரு நடனக் குழுவை நிறுவினார். பரதத்தைக் கற்றவர், அதைப் பேழையில் வைத்துப் பூசிக்காமல், நகரத்து வாழ்வோடு மோதவிட்டவர். 2015 மார்ச்சு மாதத்தில் இலண்டன் ராயல் ஆப்பரா மாளிகையின் லின்பரி அரங்கில் அவர் ஒரு புது நடனத்தை அரங்கேற்றினார். பொருள், 1838-இல் ஐரோப்பா கண்ட தாசிகளும், அவர்களைப் பற்றிக் கோத்தியே எழுதிய எழுத்தும். அம்மணியை வருணித்த அதே சொற்கள் அரங்கில் ஒலித்தன. அச்சொற்களின் நடுவே பலர் பார்வைக்கும் இலக்காகி நின்று ஆடியவர் பெண் அல்லர். மலேசியாவில் நாட்டியம் பயின்ற சூரஜ் சுப்பிரமணியம் என்னும் ஆடவர். இம்முறை அறிவிப்புத் தாளில் ஆடியவர் பெயரும் ஆக்கியவர் பெயரும் அச்சிடப்பட்டிருந்தன.