வழக்கறிஞர் தொழில் வளர்ச்சிப் பயிற்சி

கட்சிக்காரரைப் பெறவும் தக்கவைக்கவும் உதவும் திறன்களை வழக்கறிஞர்களுக்குக் கற்பிக்கும் பயிற்சி இது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் பேட்ஸ் வழக்கில் வழக்கறிஞர் விளம்பரத்துக்கு இசைவளித்தது இத்துறைக்கு வழிதிறந்தது. மலேசியாவிலோ, 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்கீழ் வந்த 2001ஆம் ஆண்டு விளம்பர விதிகள் வரம்புக்குட்பட்ட விளம்பரத்தையே ஏற்பதாலும், ஆள்வைத்து வழக்குப் பிடித்தல் விலக்கப்பட்டிருப்பதாலும், பயிற்சியின் அழுத்தம் விற்பனைப் பேச்சைவிட நம்பிக்கையை ஈட்டுவதில் விழவேண்டியதாகிறது. எடுத்துக்காட்டாக, பகாங்கின் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட் போன்ற தேயிலைத் தோட்ட ஊரில், தற்காலிக நில உரிமம், சம்பள நிலுவை, வாரிசுச் சொத்து ஆகியவற்றைத் தமிழில் பொறுமையாக விளக்கி, கட்டணத்தை முன்னதாகவே எழுத்தில் தரும் வழக்கமே மிகச் சிறந்த தொழில் வளர்ச்சித் திறனாகும். இந்தியாவிலும் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு: இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி 36 அதைத் தடுக்கிறது. அவ்விதியின் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் இணையதளத்தில் அடிப்படை விவரங்களை மட்டும் வெளியிட இடமளித்தது.