கோலமும் நகல்தான்: தொடக்கப்பள்ளி ஓவியக் கல்வி குறித்து நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு வாதம்

'உனக்குப் பிடித்த படம் ஒன்று வரை' என்று சொல்லித் தாளைக் கொடுத்தால் தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிக் குழந்தை என்ன வரையும் என்பது வகுப்பாசிரியர் எவருக்கும் தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே இறங்கிவரும் ஆறு, ஒரு குடிசை, சாய்ந்த தென்னை. சென்னையில் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே லூப் சாலையை ஒட்டியுள்ள மீனவர் குடியிருப்பான நொச்சிக்குப்பத்துக் குழந்தை மட்டும் இதற்கு விலக்காக இருக்கக் காரணமில்லை. அங்கே சூரியன் கடலிலிருந்து எழுகிறது. இருப்பதற்குள் பக்கத்து மலையான பரங்கிமலையும் மேற்கே தள்ளி நிற்கிறது. மார்கழியில் அதன் பக்கமாகச் சூரியன் மறையலாம், உதிக்க வழியில்லை. இருந்தும் மலைதான் வருகிறது. ஏன்?

கரும்பலகையைப் பார்த்து நகலெடுக்கப் பழக்கியதுதான் காரணம் என்பது வழக்கமான விடை. குழந்தையைத் தன் போக்கில் விட்டால் போதும் என்ற மருந்தும் கூடவே வரும். 1897இல் வியன்னாவில் சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக் முதல், 1947இல் குழந்தை ஓவிய வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்து நூல் எழுதிய விக்டர் லோவன்ஃபெல்டு வரை நீளும் மரபு இது. பெரியவர்களின் குறுக்கீட்டைக் கண்டு அஞ்சிய அந்த மரபுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் அது நம் கேள்விக்கு விடையாகவில்லை. விருப்பப்படி வரையச் சொன்னபோதுதானே மலை வந்தது? குழந்தைகள் உலகைப் பார்த்து வரைவதைவிடப் பிற படங்களைப் பார்த்தே வரையக் கற்கிறார்கள் என்று பிரெண்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் 1977இல் வாதிட்டார்கள். அதை ஏற்றால், நகல் இல்லாத ஓவியக் கல்வி என்று ஒன்று இல்லை. கேட்க வேண்டியது எத்தகைய நகல் என்பதைத்தான்.

பள்ளி நகலுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் வேர் அது. தொழிலுக்குக் கைபழகிய ஆட்களை உருவாக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று. அந்தக் காலத்து ஆங்கிலேயப் பயிற்சிமுறையில் மாணவர் முதலில் தட்டைப் படத்தின் வெளிக்கோட்டைப் பிசகாமல் எடுத்தெழுத வேண்டும். பொருளை நேரில் பார்த்து வரைவது பிறகுதான். அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்', 'மாடல் டிராயிங்' என்ற பெயர்கள் நிலைத்ததும் இந்த வழியில்தான். நம் ஓவிய ஆசிரியர்கள் அந்தத் தேர்வுகளை எழுதி வந்தவர்கள். ஆகவே பலகையில் மலை வரைந்து 'இதைப் போல் போடு' என்பது தனிமனிதச் சோம்பல் அல்ல. முதல் படியிலேயே நின்றுபோன ஒரு பாடத்திட்டம்.

இனி வாசலுக்கு வருவோம். கோலம் போடக் கற்கும் சிறுமியும் நகல்தான் எடுக்கிறாள். அம்மாவின் கோலத்தைப் பார்த்துத் தரையிலோ நோட்டிலோ போட்டுப் பழகுகிறாள். ஆனால் அவள் கையில் சேர்வது ஒரு படம் மட்டுமன்று. 7 புள்ளி, ஊடுபுள்ளி, 4இல் நிறுத்து என்றால் 37 புள்ளிகள் அறுகோணமாக அமைகின்றன. அதையே 9இல் தொடங்கி 5இல் நிறுத்தினால் 61. சிக்குக் கோலமானால் கம்பி புள்ளியைத் தொடாமல் வளைந்து, போன வழியில் திரும்பாமல், தொடங்கிய இடத்தில் வந்து சேர வேண்டும். தப்பு எங்கே என்பதை ஆசிரியர் சொல்லத் தேவையில்லை. கம்பி சேராதபோதே தெரிந்துவிடும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்துக்குக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளைப் பொருத்திக் காட்டியது தற்செயல் அல்ல. ஒரு கோலத்தை நகலெடுத்தவள் அடுத்த கோலத்தைத் தானே போடலாம். மலைப்படத்தை நகலெடுத்தவன் மறுபடி மலைப்படத்தைத்தான் போடுவான். முன்னது விதியைக் கொடுக்கிறது, பின்னது விடையை மட்டும்.

குப்பத்தில் இந்த வகை நகலுக்குப் பஞ்சமில்லை. வலை பின்னுகிறவர் கண்ணியின் அளவு மாறாமல் முடிச்சுப் போடுகிறார். அருகில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதைப் பார்த்தே கற்கிறது. மீன் சங்கதி இன்னும் வேடிக்கையானது. பள்ளிச் சுவர்களிலும் படப்புத்தகங்களிலும் மீன் என்றால் ஓர் இலை, அதன் முனையில் முக்கோண வால். தாயின் மீன் பலகைக்குப் பின்னால் வளரும் பிள்ளைக்கோ, வஞ்சிரத்தின் கவைத்த வாலும், வவ்வாலின் தட்டையான அகன்ற உடம்பும், சீலாவின் நீண்ட தாடையும், சங்கராவின் சிவப்பும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியக் கூடியவை. கண்ணுக்குத் தெரிந்தது கைக்கு வராமல் போகும் அந்த இடைவெளியை நிரப்புவதுதான் தொடக்கப்பள்ளி ஓவிய வகுப்பின் வேலை என்பேன். நான்கு மீனை மேசையில் வைத்து, எது எங்கே அகல்கிறது, வால் எங்கே பிரிகிறது என்று கேட்டுவிட்டு வரையச் சொல்வதும் ஒருவகை நகல்தான்.

மீனவப் பிள்ளையை மீனுக்குள்ளேயே அடைப்பதாகாதா இது? நியாயமான கேள்வி. 2024இல் திறக்கப்பட்ட லூப் சாலை மீன் அங்காடிக்கு மயிலாப்பூர் வகுப்பறையையும் அழைத்து வந்தால் அந்தக் குறை தீரும். சங்கராவை வரைவது யாருக்கும் குலத்தொழில் அன்று. எனக்கு இதைவிடக் கடினமாகத் தோன்றும் மறுப்பு வேறு: கோலம் பெண்ணுக்கு, வலை ஆணுக்கு என்று வீடு பிரித்துவைத்திருக்கிறது. பள்ளி அந்தப் பிரிவினையை அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது. பையன் புள்ளி வைக்கட்டும், பெண் முடிச்சுப் போடட்டும்.

கற்பிப்பது யார்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநரைக் கேட்பது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு, அதுவும் மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டினால். முதல் ஐந்து வகுப்புகளுக்கு யாரும் இல்லை. தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டதும் இந்த வழியில்தான். கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. லோவன்ஃபெல்டு கணக்கிலேயே 9 வயதுக்குமேல் குழந்தை தன் படத்தைத் தானே குறைசொல்லத் தொடங்குகிறது. 'எனக்கு வரைய வராது' என்று முடிவுகட்டியபின் ஆறாம் வகுப்பில் ஓவிய ஆசிரியரை அனுப்புகிறோம்.

எனவே பொறுப்பு வகுப்பாசிரியருடையது. அவருக்கு ஓவியத் திறமை வேண்டியதில்லை. பார்க்கவைக்கத் தெரிந்தால் போதும். இடமும் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சுவரில் குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை அமைத்தது. ஆசிரியரின் பலகை மேலே, பிள்ளைகளின் பலகை கீழே. அதில் புள்ளி வைக்கச் சுண்ணக்கட்டி தவிர வேறு செலவில்லை. குறைவது பயிற்சிதான். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இரண்டாண்டு நடக்கிறது. அதில் கோலத்துக்கும் பார்த்து வரைவதற்கும் பத்து மணி நேரம் ஒதுக்குமாறு மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.