உடனிருப்பவரின் ‘கூடாது’

நம் நாளிதழ்கள் ‘கொலீஜியம்’ என்ற சொல்லைத் தமிழாக்காமல் அப்படியே அச்சிடுகின்றன. தமிழ் படித்தவன் என்பதால் ‘இதுக்குத் தமிழ்ல என்ன சார்?’ என்று என்னிடம் கேட்பார்கள். ‘நீதிபதிகள் தேர்வுக் குழு’ என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். ஆனால் ‘குழு’ என்றவுடன் அச்சொல்லின் வரலாறு நழுவிவிடுகிறது.

இலத்தீனில் ‘கொல்லேகா’ என்றால், தன்னோடு சேர்த்து அதே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். ரோமக் குடியரசில் ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள். அதிகாரம் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்படவில்லை. இருவருக்குமே முழு அதிகாரம். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். ஆக, கூட்டதிகாரத்தின் உயிர் ஒத்துப்போவதில் இல்லை. ‘கூடாது’ என்று சொல்லும் உரிமையில் இருந்தது.

அந்தக் ‘கூடாது’ எப்பவும் நியாயத்தின் பக்கம் நின்றதா? இல்லை. கி.மு. 133இல் டைபீரியஸ் கிராக்கஸ் என்ற டிரிப்யூன், பொதுநிலத்தை நிலமற்றவர்களுக்குப் பங்கிடச் சட்டம் கொண்டுவந்தார். தடுத்தவர் சக டிரிப்யூன் ஆக்டேவியஸ். பெருநில உடைமைக்கு அந்த மறுப்பு காவல் நின்றது. ஆனால் அது மக்கள்மன்றத்தில், எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்பட்ட மறுப்பு. அதனால்தான் மக்களால் அதற்குப் பதில் சொல்ல முடிந்தது: வாக்களித்து ஆக்டேவியஸைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

பின்னாளில் இச்சொல் திருச்சபைக்குள்ளும் புழங்கியது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆயர்களின் குழாமுக்கு இதை வழங்கியபோது, சமமானவர்களின் குழு என்ற சட்டப்பொருளில் இதைக் கொள்ளக்கூடாது என்று கூடவே ஒரு விளக்கக் குறிப்பும் இணைக்கப்பட்டது. சொல் வந்தது, சமம் வரவில்லை.

நம் அரசியல் சட்டத்தில் கொலீஜியம் என்ற சொல்லே கிடையாது. 1993, 1998 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் சொன்னவற்றின் வழியே உருவான ஏற்பாடு அது. ஆளும் அரசின் கை நீதித்துறைக்குள் நீளாமலிருக்க அது அவசியம் என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் 2016இல் நீதிபதி செலமேஸ்வர், கூட்டத்தில் பேசப்படுபவை பதிவாக வேண்டும் எனக் கோரி அதில் கலந்துகொள்ள மறுத்தார். 2022இல் அதே நீதிமன்றம், இறுதித் தீர்மானத்தை வெளியிட்டால் போதும், விவாதத்தை வெளியிட வேண்டியதில்லை என்றது.

இங்கேதான் எனக்கு இடறுகிறது. மறுத்தவர் யார், ஏன் மறுத்தார் என்பது தெரியாவிட்டால், நல்ல மறுப்புக்குத் துணை நிற்கவும் முடியாது, கெட்ட மறுப்பைக் கேள்வி கேட்கவும் முடியாது. ரோமிலிருந்து பெயரை வாங்கிக்கொண்டோம். அந்த மன்றத்தின் திறந்தவெளியை அங்கேயே விட்டுவிட்டோம்.