பினாங்கு வட்டிக்கடைகளும் அனைத்துலகச் சேவை வணிகத் தடைகளும்

மலேசியத் தமிழர் வரலாறு என்றதும் ரப்பர்த் தோட்டமும் சஞ்சிக்கூலியுமே நம் வகுப்பறைகளில் முதலிடம் பெறுகின்றன. கடல் கடந்து பண்டத்தையோ உடலுழைப்பையோ அன்றி நிதிச் சேவையை விற்ற தமிழர்களும் இங்கு இருந்தனர். அவர்தம் தொழில் ஏன் சுருங்கியது என்பதை இக்கட்டுரை பினாங்கை மையமாகக் கொண்டு ஆராய முற்படுகிறது.

1995ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் சேவை வணிகப் பொது ஒப்பந்தம், சேவை எல்லை தாண்டும் வழிகளை நான்காக வகுக்கிறது. அவற்றுள் அயல்நாட்டில் நிறுவனம் நடத்துவது ஒன்று. பணியாற்றும் மனிதர் நேரில் செல்வது மற்றொன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் இவ்விரண்டையும் பினாங்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கையாண்டனர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய விலாசத்தின் பெயரால் ஏஜெண்டு கப்பலேறி வந்து, ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவார். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. பினாங்கு ஸ்திரீட்டுக் கிட்டங்கியில் ஒரே கூரையின்கீழ்ப் பல விலாசங்கள் பெட்டியடி போட்டிருந்தன. வங்கிகள் ஏறிட்டுப் பாராத சிறு தோட்டக்காரரும் சீன வணிகரும் அங்குக் கடன் பெற்றனர்.

இத்தொழிலை ஒரே சட்டம் வீழ்த்திவிடவில்லை. தீவிலேயே மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இல்லை. ஆயினும் பினாங்குப் பணம் கடலுக்கு அப்பால் கெடாவுக்கும் பேராக்குக்கும் சென்றது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1913இல் வந்த சட்டம் மலாய்க்காரர் நிலம் பிறர் கைக்கு மாறுவதைத் தடுத்தது. 1933ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலத்தைப் பிறரிடம் அடைமானம் வைப்பதையும் தடுத்தது. கெடாவில் 1931இலேயே இத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. ஈடு இல்லையேல் கடன் இல்லை என்பது வட்டிக்கடை வழக்கு. நகரத்தார் இதை எதிர்த்து முறையிட்டனர். எனினும், உலகப் பெருமந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்து நிலம் இழக்கும் நிலையிலிருந்த குடியானவரின் அச்சம் பொய்யன்று என்பதையும் நாம் எழுதியாக வேண்டும். ஒரு சாராரின் ஏடுகளை மட்டும் வைத்து இவ்வரலாற்றை எழுத இயலாது.

அடுத்த அடி போரில் விழுந்தது. ஜப்பானிய ஆட்சியில் பழைய கடன்கள் பல வாழைமர நோட்டில் திருப்பப்பட்டன. 1945இல் அந்நோட்டு வெறும் தாளாயிற்று. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அக்காலப் பினாங்கு வட்டிக்கடையை அதில் காணலாம். அதன் முதலாளி ‘பிள்ளை’ என்பதிலிருந்து இத்தொழில் நகரத்தாரோடு நின்றதன்று என்பதும் தெரியவரும்.

தடைகள் மலாயாவிலிருந்து மட்டும் எழுந்தவை அல்ல. இந்தியாவின் 1947ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், ஊரிலிருந்து முதல் அனுப்புவதை ரிசர்வ் வங்கியின் அனுமதிக்கு உட்படுத்தியது. மலாயாவிலோ 1951இல் வட்டித்தொழில் உரிமச் சட்டமும், 1953 ஆகஸ்டு முதல் கடுமையான குடிநுழைவுச் சட்டமும் வந்தன. என் கணிப்பில் இக்குடிநுழைவுச் சட்டமே ஆணிவேரை அறுத்தது. தவணை முடிந்த ஏஜெண்டுக்குப் பதிலாள் வருவது அரிதாயிற்று. இங்கேயே குடியுரிமை பெற்றுத் தங்குவது, அல்லது கணக்கை முடித்துக் கப்பலேறுவது என்பதே அவர்முன் நின்ற கேள்வி. நகரத்தார் நவீனத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்று எளிதாக முடிப்போர் இதைக் கருதுவதில்லை.

உண்மையில் அவர்கள் நவீன வங்கிக்கும் வந்தனர். மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி விரைவிலேயே பினாங்கில் கிளை திறந்தது. 1969இல் இந்திய அரசு அதனை நாட்டுடைமை ஆக்கியது. அயல்நாட்டு அரசுக்கு உடைமையான வங்கி இங்கு இயங்கலாகாது என்று மலேசியச் சட்டம் கூறவே, அவ்வங்கியும் இந்தியன் வங்கியும் யுனைட்டெட் கமர்ஷியல் வங்கியும் தம் மலேசியக் கிளைகளை இணைத்து 1973இல் யுனைட்டெட் ஏசியன் வங்கியை அமைத்தன. சென்னையில் தீர்மானித்த தொழில் ஒன்று, புதுடில்லியின் முடிவாலும் கோலாலம்பூரின் விதியாலும் சேர்ந்தே உருமாறியது.

2011இல் மலேசிய–இந்திய விரிவான பொருளாதார ஒத்துழைப்பு உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே மூன்று இந்திய அரசுடைமை வங்கிகள் கூட்டாகக் கோலாலம்பூரில் புதிய வங்கியொன்றைத் திறந்தன. அவற்றுள் ஒன்று அதே இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. நிறுவன அலுவலர் வரையறுத்த காலத்துக்கு வந்து பணியாற்றுவதற்கும் அவ்வுடன்பாடு வழிசெய்கிறது. பழைய ஏஜெண்டின் தவணையை அது நினைவூட்டுகிறது. கிட்டங்கிகள் போனபின்னும் பினாங்கு ஸ்திரீட்டின் கோயில் வீட்டிலிருந்து தைப்பூசத்துக்கு முதல்நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது.