பலேர்மோவின் மூன்று கரைகள்

இத்தாலி என்றதும் எங்கள் தமிழ்ச் சனத்துக்கு முதலில் நினைவு வருவது பீசாவின் சாய்ந்த கோபுரம். அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பேராலயம், சிசிலியின் பலேர்மோ துறைமுகத்தில் அடித்த கொள்ளைப் பணத்தில் எழும்பியது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1063இல் பீசாவின் கப்பல்கள் நான் வாழும் இந்தப் பலேர்மோவுக்கு வந்தன. அப்போது பலேர்மோ அராபியர் கையில் இருந்தது. துறைமுக வாயை மறித்துக் கட்டியிருந்த சங்கிலியை அறுத்துக்கொண்டு உள்ளே புகுந்து, சரக்கோடு நின்ற கப்பல்களைப் பிடித்தார்கள். அந்தப் பணத்தில் ஊர் திரும்பிப் பேராலயத்தைத் தொடங்கினார்கள். இதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆலயத்தின் முகப்பிலேயே கல்வெட்டாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சங்கிலியின் பேரைச் சுமந்த கோயில் ஒன்று இன்றும் இங்கே உண்டு. லா காலா என்கிற பழைய துறைமுகத்தின் கரையில் நிற்கும் சாந்தா மரியா தெல்லா கத்தேனா, எங்கள் ஆட்கள் வாயில் சங்கிலி மாதா. இரவில் துறைமுகத்தைப் பூட்டும் சங்கிலியின் ஒரு முனை இந்தப் பக்கம், மற்ற முனை எதிரே கடற்கோட்டையில். கோயிலைக் கட்டத் தொடங்கியது 15ஆம் நூற்றாண்டின் கடைசியில். மத்தேயோ கார்னிலிவாரியின் வேலை என்று கருதுகிறார்கள். முன்னால் படியேறினால் மூன்று வளைவுகள் கொண்ட முகமண்டபம். ஸ்பெயின் பக்கத்துக் கத்தலான் கோதிக்கும் இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியும் ஒரே கல்லில் இறங்கியிருக்கின்றன. பலேர்மோவில் எனக்கு மிகப் பிடித்த கட்டடம் இதுதான். ஊரின் பெரிய பேராலயத்தை விட்டுவிட்டு இதைச் சொல்கிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். இந்த ஊரைக் கட்டியது துறைமுகம். அதை நேரே பார்த்து நிற்கிற கோயில் இது.

நான் 90களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்தவன். பல்லாரோ சந்தைக்குப் பின்னால் குடியிருப்பு. வீடுகளில் சமையலும் முதியோரைப் பார்ப்பதும் தொழில். ஞாயிறு பின்னேரங்களில் கரையோரம் நடந்து நடந்துதான் இந்த ஊரின் கதையைப் படித்தேன். நடக்க நடக்க ஒன்று தெளிவானது. பலேர்மோவின் கரை ஒரே இடத்தில் இருந்ததில்லை. முதல் கரையை ஆற்றுச் சேறு மாற்றியது. இரண்டாவது கரையை அரச ஆணை வகுத்தது. மூன்றாவது கரை குண்டு விழுந்த வீடுகளின் இடிபாட்டால் ஆனது.

கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்கில் ஃபினீசியர் இங்கே இறங்கியபோது, இரண்டு ஆறுகளுக்கு நடுவே நாக்கைப் போல நீண்ட ஒரு மேட்டு நிலம்தான் இருந்தது. ஒரு பக்கம் பபிரேத்தோ, மறுபக்கம் கெமோனியா. இரண்டும் கடலில் விழும் இடத்தில் கடல் நன்றாக உள்ளே வந்து கிடந்தது. இன்று சந்தையும் வீடுகளும் இருக்கும் தெருக்கள் பல அன்று தண்ணீர். ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் துறைமுகம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு சுருங்கியது. கடைசியில் ஆறுகளையே மூடி, மேலே தெரு போட்டுவிட்டார்கள். மிஞ்சிய சின்னக் குடாதான் இன்றைய லா காலா. மீன்பிடி வள்ளங்களும் பாய்ப்படகுகளும் கட்டிக் கிடக்கின்றன.

பக்கத்துப் பியாத்சா மரீனா சதுக்கமும் ஒரு காலத்தில் நீரும் சதுப்புமாகக் கிடந்த இடம். அதன் ஓரத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியாரமோந்தே குடும்பம் கட்டத் தொடங்கிய ஸ்தேரி மாளிகை பின்னர் மதவிசாரணை மன்றத்தின் சிறையானது. கைதிகள் சுவரில் வரைந்த படங்களும் எழுத்துகளும் அப்படியே இருக்கின்றன. பார்த்துவிட்டு வெளியே வந்தால் சற்று நேரம் கதைக்க மனம் வராது. சதுக்கத்தின் நடுவில் 1860களில் அமைத்த கரிபால்டி பூங்கா. அங்கே நிற்கிற பெரிய மரம் எங்கள் ஆலமரத்தின் இனம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. விழுதுகள் தரையில் ஊன்றித் தூண்களாகிவிட்டன. நான் தனியாக இருந்த முதல் வருடங்களில் அந்த நிழல் எனக்குத் துணை.

831இல் அராபியர் நகரைப் பிடித்தபின் அது சிசிலியின் தலைநகரானது. 937இல் கடலோரமாக அல்-காலிசா என்ற தனி அரண் நகரைக் கட்டினார்கள். ஆட்சியாளரின் இருப்பிடம், சிறை, கப்பல் கட்டும் தளம் எல்லாம் அதற்குள். இன்றைய கால்சா பகுதி அதுதான். 973இல் வந்த பாக்தாத் பயணி இப்னு ஹவ்கல், இங்கே 300க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதினார். 1072இல் நார்மன்கள் வந்தார்கள். வென்றவர்கள் தோற்றவர்களின் கைத்திறனை அழிக்காமல் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜரின் அரண்மனைச் சிற்றாலயத்தில் சுவரெல்லாம் பைசாந்தியப் பொன் மொசைக். மேலே பார்த்தால் அராபியத் தச்சர்கள் செய்த மரக்கூரை. அவருடைய கடற்படைத் தலைவன், அந்தியோக்கியா ஜோர்ஜ் என்ற கிரேக்கக் கிறிஸ்தவன், 1140களில் மர்த்தோரானா கோயிலைக் கட்டினான். ஒரேத்தோ ஆற்றின் மேல் பல வளைவுகள் கொண்ட கல்பாலத்தைக் கட்டியவனும் அவனே. 20ஆம் நூற்றாண்டில் ஆற்றை வேறு வழியாகத் திருப்பிவிட்டார்கள். தளபதி பாலம் என்று அழைக்கப்படும் அந்தப் பாலம் இன்று புல்தரையில் நிற்கிறது. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அராபிய-நார்மன் கட்டடங்களில் அதுவும் ஒன்று.

இரண்டாவது கரைக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதிகள் ஆண்டார்கள். சேறு மூடிய காலா பெரிய கப்பல்களுக்குப் போதவில்லை. 1567இல் வடக்கே, மொந்தே பெல்லெக்ரீனோ மலைப் பக்கமாக, புதிய அலைதடுப்பு அணையைத் தொடங்கினார்கள். இன்று நேப்பிள்ஸ் கப்பல்கள் வந்து நிற்கிற துறைமுகம் அங்கிருந்து வளர்ந்ததுதான். அதே காலத்தில் ஊரின் பழைய நடுத்தெருவான காசாரோவை நேராக்கினார்கள். அந்தத் தெரு கடலுக்கு முன்னால் முட்டி நின்றது. 1581இல் மன்னரின் பிரதிநிதி மார்க்கந்தோனியோ கொலோன்னா குறுக்கே இருந்ததை இடித்துத் தெருவைக் கடல்வரை நீட்டினார். அடுத்த ஆண்டு அதன் முனையில் ஒரு வாசலைத் தொடங்கி, மனைவி ஃபெலீச்சே ஓர்சீனியின் பேரைச் சூட்டினார். போர்த்தா ஃபெலீச்சே முடிந்தது 1637இல். இரண்டு பெரிய தூண்கட்டுகள் மட்டும். மேலே வளைவு கிடையாது. ஊரின் காவல் புனிதை ரொசாலியா அம்மாளின் உயரமான தேர் போகட்டும் என்று வளைவு போடாமல் விட்டார்கள் என்று ஊர் சொல்கிறது.

1600இல் காசாரோவுக்குக் குறுக்கே மக்வேதா தெருவை வெட்டினார்கள். இரண்டும் சந்திக்கும் குவாத்ரோ கான்தியில், ஜூலியோ லாஸ்ஸோவின் திட்டப்படி 1608இல் வேலை தொடங்கியது. நான்கு மூலையிலும் குழிந்த முகப்பு; கீழே பருவங்களின் நீரூற்று, நடுவில் ஸ்பானிய மன்னர், மேலே காவல் புனிதை. எல்லாரும் அண்ணாந்து இந்தச் சிலைகளைத்தான் படம் எடுக்கிறார்கள். கீழ்த்திசையில் திரும்பிப் பாருங்கள். நேர்கோடாக இறங்கும் தெருவின் முடிவில் போர்த்தா ஃபெலீச்சேயின் இரண்டு தூண்கள், நடுவே கடல். ஊரின் மையத்தில் நிற்பவனுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று ஒரு தெருவையே திட்டமிட்டார்கள். இத்தாலிய நகர அமைப்பில் என்னை ஆழமாகத் தொட்ட செயல் இது.

அந்தத் துறைமுகத்தில் சரக்கோடு கலையும் இறங்கியது, நோயும் இறங்கியது. ஜெனோவா வணிகர்கள் கடற்கோட்டைக்குப் பக்கத்தில் கட்டிய சான் ஜோர்ஜோ கோயிலில், மறுமலர்ச்சிக் காலத்தின் பெரும் பெண் ஓவியர் சொஃபோனிஸ்பா ஆங்குயிசோலா அடக்கமாகியிருக்கிறார். 1624இல் இளம் ஓவியன் வான் டைக் இங்கு வந்து, 90 வயதைக் கடந்திருந்த அவரைக் கண்டு பேசி, உருவத்தை வரைந்துகொண்டான். அதே ஆண்டு தூனிஸிலிருந்து வந்த கப்பலோடு கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்தது. மலைக்குகையில் கண்டெடுத்த ரொசாலியாவின் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுவந்த பிறகு நோய் தணிந்தது என்று நம்பி, ஊர் அவரைத் தன் காவல் தெய்வமாக்கியது. எங்கள் தமிழர்கள், இந்துக்களும் கிறிஸ்தவர்களும், அந்தக் குகைக்கு மலையேறிப் போய் நேர்த்திக்கடன் வைக்கிறார்கள். தூனிஸ் கப்பலின் கதை தெரியாமலே பலர் போகிறோம்.

19ஆம் நூற்றாண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலாவுக்குப் பின்தெருவில் மசாலாவும் மருந்துச் சரக்கும் விற்ற கடையிலிருந்து ஃப்ளோரியோ குடும்பம் எழுந்தது. 1881இல் அவர்களின் கப்பல் நிறுவனம் ஜெனோவாவின் ருபத்தீனோவோடு இணைந்து இத்தாலியின் மிகப் பெரிய கப்பல் நிறுவனமானது. இந்தத் துறைமுகத்திலிருந்து சிசிலியின் ஏழைகள் நியூயோர்க்குக்கும் நியூ ஓர்லியன்ஸுக்கும் கப்பலேறினார்கள். 1920களில் துறைமுகத்தைப் பெருப்பிக்கவென்று, சங்கிலியின் மறுமுனையைத் தாங்கிய கடற்கோட்டையில் பெரும்பகுதியை இடித்தார்கள். மன்னிக்க முடியாத இடிப்பு அது.

மூன்றாவது கரை 1943இல் வந்தது. மார்ச் 22ஆம் திகதி துறைமுகத்தில் நின்ற வெடிமருந்துக் கப்பல் 'வோல்தா' குண்டுவீச்சில் வெடித்துச் சிதறியது. ஏப்ரலில், பின்னாளில் 'சிறுத்தை' நாவலை எழுதிய லம்பெதூசாவின் பரம்பரை மாளிகை தரைமட்டமானது. மே 9ஆம் திகதி நூற்றுக்கணக்கான அமெரிக்க விமானங்கள் வந்தன. துறைமுகத்தை அடிக்க வந்த குண்டுகள் அதை ஒட்டிய பழைய நகரத்தையும் தின்றன. ஜூலை 22இல் அமெரிக்கப் படை உள்ளே வந்தபோது, வண்டி போக வழியில்லாமல் தெருக்கள் கல்லும் மண்ணுமாகக் கிடந்தன. அவ்வளவையும் அள்ளிக் கொண்டுபோய், போர்த்தா ஃபெலீச்சேக்கு வெளியே கடலில் கொட்டினார்கள். பிரபுக்கள் வண்டியில் உலாவிய, 1787இல் கப்பலில் வந்த கவிஞர் கோத்தே கண்டு களித்த அந்தக் கடலோரத்திலிருந்து கடல் பின்வாங்கியது.

நான் பல வருடம் பார்த்துக்கொண்ட ஒரு மூதாட்டி, அந்தக் குண்டுவீச்சின்போது சிறுபிள்ளை. கால்சாவில் அவர்கள் வீடு போய்விட்டது. அந்த இடிபாட்டின் மேல் இன்று விரிந்திருக்கும் ஃபோரோ இத்தாலிகோ புல்வெளிக்குக் கூட்டிப்போனால் சக்கர நாற்காலியை ஓரமாக நிறுத்தச் சொல்வார். புல்லுக்குள் போகமாட்டார். எங்கள் படிக்கட்டும் சமையலறை ஓடும் இதற்குக் கீழேதான் கிடக்கின்றன, மேலே சக்கரம் ஓடக்கூடாது என்பார். ஊரில் எங்கள் வீட்டுக்கும் ஷெல் விழுந்தது என்று ஒருநாள் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நிலம் நெடுங்காலம் ராட்டினக் கொட்டகைகளுக்குத்தான் பயன்பட்டது. பிறகுதான் புல் விரித்தார்கள். 2005இல் இத்தாலோ ரோத்தா வண்ணப் பீங்கான் இருக்கைகளோடு உலாவிடமாக வடிவமைத்தார். எங்கள் பெடியள் அங்கே கிரிக்கெட் விளையாடுகிறார்கள்.

கரை இப்படியென்றால், பின்னால் இருந்த நகரத்துக்கு நடந்தது அதைவிட மோசம். 1950களிலும் 60களிலும் ஆட்சியும் மாஃபியாவும் ஒப்பந்தக்காரரும் கைகோத்து, தோட்டங்களை அழித்துத் தொடர்மாடிகளைக் கட்டினார்கள். பலேர்மோவின் சூறை என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். எர்னெஸ்தோ பசீலே கட்டிய வில்லா தெலியெல்லாவை 1959 நவம்பரில் இடித்துத் தள்ளினார்கள். அந்த இடம் நெடுங்காலம் வாகனத் தரிப்பிடமாகக் கிடந்தது. பழைய நகரத்துச் சனம் வெளியேறியது. குண்டு விழுந்த வீடுகள் கூரையில்லாமல் பல பத்தாண்டுகள் நின்றன. நாங்கள் வந்தபோது மலிவு வாடகைக்கு அறை கிடைத்தது அதனால்தான். நகரத் திட்டமிடலாளர்கள் பெனெவோலோ, செர்வெல்லாத்தி, இன்சோலேரா மூவரும் தயாரித்து 90களில் ஏற்கப்பட்ட திட்டம், இடிக்காமல் பழையபடி மீட்டெடுக்க வேண்டும் என்றது. அதன் பலன் இப்போது தெரிகிறது. 2023இல் கடற்கோட்டை இடிபாட்டுக்குப் பக்கத்தில் புதிய கடலோர வளாகமும் திறந்தார்கள். நல்ல வேலை. ஆனால் ஒரேத்தோ முகத்துக்குத் தெற்கே, ரொமஞ்ஞோலோ பக்கம், கட்டட இடிபாடு கொட்டிக் கெடுத்த கரைக்கு இதே அக்கறை கிடைக்கவில்லை. உல்லாசப் படகு வருகிற கரைக்கு முதலிடமும் ஏழைகள் குளித்த கரைக்குக் கடைசி இடமும் கொடுப்பது நியாயமில்லை.

இங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கும் தமிழ் வகுப்பு நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் பிறந்த ஊர் இது. வகுப்பு முடிந்த ஒரு சனிக்கிழமை அவர்களைக் குவாத்ரோ கான்தியிலிருந்து கடல்வரை நடத்திக் கூட்டிப் போங்கள். சங்கிலி மாதா கோயிலையும் போர்த்தா ஃபெலீச்சேயையும் காட்டுங்கள். புல்வெளியில் விளையாட விடுமுன், அதற்குக் கீழே யாருடைய வீடுகள் கிடக்கின்றன என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.