காளான் குடையில் பழுப்புக் கறை

வெள்ளை மொட்டுக் காளானின் குடைமீது முதலில் ஓர் இளமஞ்சள் புள்ளி தோன்றும். சிறிது சிறிதாக அது பழுப்பாகும். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சற்றே குழிந்து, பிசுபிசுப்புடன் பரவும். வெட்டிப் பார்த்தால் கறை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் இறங்கியிருக்காது. உள்ளே சதை வெண்மையாகவே இருக்கும். ஆனால் சந்தையில் உள்சதையை யார் பார்க்கிறார்கள்? பாடுபட்டு வளர்த்தவருக்கு இழப்புத்தான்.

பயிர்களுக்கு நோய் தரும் பூஞ்சைகளைப் பற்றிப் படித்திருக்கிறோம். காளானும் ஒரு பூஞ்சைதான். அந்தப் பூஞ்சைக்கும் பாக்டீரியாவால் நோய் வரும் என்பதை 1915இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டோலாஸ் என்பவர் எழுதினார். 1919இல் இங்கிலாந்தில் பெயின் என்ற அறிஞர் அந்தப் பாக்டீரியாவை ஆராய்ந்து, முதலில் கண்டவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்: சூடோமோனாஸ் டோலாசி.

இது வெளியிலிருந்து படையெடுத்து வரும் பகைவன் அன்று. மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழ்வது. மொட்டுக் காளான் வளர்ப்பவர்கள் எருப்பாத்தியின்மேல் மூன்று நான்கு சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு மேல்மண் பரப்புவார்கள். அதில் நுண்ணுயிர்களே இல்லாதபடி செய்துவிட்டால் நோய் வராதல்லவா? வராதுதான், ஆனால் காளானும் சரியாக வராது! மேல்மண்ணில் உள்ள பாக்டீரியாக்களே காளான் மொட்டுவிடத் துணைசெய்கின்றன என்பதையும், அவற்றுள் சூடோமோனாஸ் பூடிடா முக்கியமானது என்பதையும் 1969இல் ஹேய்ஸ், ராண்டில், லாஸ்ட் ஆகியோர் இங்கிலாந்தில் காட்டினர். ஒரே குடும்பத்தில் ஒருவன் மருத்துவச்சியின் வேலையையும் மற்றொருவன் கொள்ளைக்காரனின் வேலையையும் பார்ப்பதுபோல இது.

கறை எப்படி உண்டாகிறது? குடைமீது தங்கிய நீர்ப்படலத்தில் டோலாசி பெருகுகிறது. பிறகு டோலாசின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. பதினெட்டு அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. ஒரு முனையில் கொழுப்பு அமில வால், மறுமுனையில் ஒரு வளையம். இந்த மூலக்கூறுகள் பல சேர்ந்து காளான் செல்லின் சவ்வில் துளை போடுகின்றன. செல்லின் சாறு வெளியே கசிகிறது. பாக்டீரியாவுக்கு உணவு கிடைக்கிறது. பழுப்பு நிறத்தைப் பாக்டீரியா கொண்டுவருவதில்லை. உடைந்த செல்லில் காளானின் சொந்த நொதியான டைரோசினேஸ், அதுவரை தனித்திருந்த பீனால் பொருள்களோடு கலந்து மெலனினாக மாற்றுகிறது. நறுக்கிய கத்திரிக்காய் கறுக்கிறதே, ஏறக்குறைய அதே கதை.

டோலாசியை மற்றச் சூடோமோனாஸ்களிலிருந்து பிரித்தறிவது நெடுநாள் சிக்கலாக இருந்தது. 1979இல் வாங், பிரீஸ் என்ற இருவர் ஓர் எளிய சோதனையைக் கண்டனர். ஊட்டக்கூழ்த் தட்டில் ஐயத்துக்குரிய பாக்டீரியாவையும், அதன் உறவினமாகிய ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவையும் அருகருகே வளர்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று எழுந்தால் அது டோலாசி. இருபுறமும் சுரந்த பொருள்கள் சந்தித்து வீழ்படிவதே அந்தக் கோடு. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத இத்தகைய சோதனைகளே நம் போன்ற நாட்டு ஆய்வகங்களுக்கு உகந்தவை என்பது என் கருத்து.

இந்தியாவுக்கு வருவோம். 1943இலேயே கோயம்புத்தூரில் தாமஸ், ராமகிருஷ்ணன், நரசிம்மன் ஆகியோர் வைக்கோல் காளான் வளர்க்கும் முறையை எழுதி வெளியிட்டனர். குளிர் விரும்பும் மொட்டுக் காளானுக்கு 1961இல் இமாசலத்தின் சோலனில் திட்டம் தொடங்கியது. காளான் வந்த இடத்துக்கு நோயும் வந்தது. 1976இல் குலேரியா இந்தக் கறைநோயை நம் நாட்டில் பதிவு செய்தார்.

தமிழ்நாட்டின் சமவெளிக்கு ஏற்றவை சிப்பிக் காளானும் பால் காளானும். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளம் போன்ற நெல் விளையும் ஊரில் கைக்கெட்டும் வைக்கோலைக் கொண்டே ஓர் ஓலைக் கொட்டகையில் சிப்பிக் காளானை வளர்க்கலாம். டோலாசி இதையும் விடுவதில்லை. இங்கே கறை மஞ்சளாகவோ ஆரஞ்சு கலந்த பழுப்பாகவோ தெரியும். சிக்கல் ஈரத்தில்தான் இருக்கிறது. சிப்பிக் காளானுக்குக் காற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் வேண்டும். அதற்காகத் தரையில் மணல் பரப்பி, ஈரச் சாக்குகளைத் தொங்கவிடுவார்கள். காற்றில் ஈரம் இருப்பது நல்லது. குடைமேல் நீர் நிற்பது தீது. நீர் தெளித்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குடை உலர வேண்டும். அதற்குக் காற்றோட்டம் தேவை. குட்டைத் தண்ணீரைத் தெளிக்கலாகாது. தெளிக்கும் நீரில் பத்து லட்சத்தில் 150 பங்கு குளோரின் இருந்தால் பாக்டீரியா அடங்கும். நல்ல சலவைத்தூள் என்றால் பத்து லிட்டருக்கு ஐந்து, ஆறு கிராம் போதும். காளானைக் காப்பாற்ற நினைத்துக் கூடுதலாக அள்ளிப் போட்டால் காளானே வாடும்.

வேறொரு வழியும் தெரிய வந்திருக்கிறது. அழுகிய காளான்களிலிருந்து ஜப்பானியர் பிரித்தெடுத்து 2001இல் மைசெட்டோகோலா எனப் பெயரிட்ட பாக்டீரியாக்கள் டோலாசினைச் செயலிழக்கச் செய்கின்றன. எப்படி என்பதை 2020இல் ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் விளக்கினர். அவை நஞ்சின் வளையத்தை வெட்டி நேராக்கிவிடுகின்றன. வளையம் இழந்த சங்கிலிக்குச் சவ்வைத் துளைக்கும் திறன் இல்லை.